எய்னாரின் துப்பாக்கிக்குப் புதுக் குழல்

லேண்டர், வயோமிங்
12 அக்டோபர் 1983

என் கண்ணு நோலாவுக்கு,

இங்கே இடது முழங்காலைத் தவிர நான் முழுக்கச் சௌக்கியம். உன் சௌக்கியத்தையும் உன் நானூறு ஆடுகளின் சௌக்கியத்தையும் எழுது.

இந்த வருஷம் கயோட்டி நரிகள் பதினேழு ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுபோயின என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவோடு கூடப்பிறந்தவன் நான் ஒருவன் உயிரோடு இருக்கும்போது என் மருமகள் நரிகளுக்குப் பந்தி வைப்பதா? நவம்பர் முதல் வாரம் வருகிறேன். நான் திரும்பும்போது உன் வேலிக்குள் நரி என்று ஒன்று இருந்தால் அது படத்தில் இருக்கிற நரியாகத்தான் இருக்கும்.

போன வருஷம் ரிவர்ட்டன் பக்கம் ஒரே காலையில் பதினொன்று அடித்தேன். பத்திரிகைக்காரன் வந்து படம் எடுத்துப் போனான். படம் வரவே இல்லை. அந்த ஆசிரியர் நரிகளின் ஆள் என்று எனக்கு அப்போதிருந்தே ஒரு சந்தேகம்.

இந்தத் தடவை என்னிடம் ஒரு புது ஆயுதம் இருக்கிறது. கடையில் விற்கிற வேட்டை ஊதல் எல்லாம் அடிபட்ட முயல் மாதிரிக் கத்தும். கேட்டுக் கேட்டு நரிகளுக்கே சலித்துவிட்டது. நான் செடார் மரத்தில் என் கையாலேயே செதுக்கி, உள்ளே பித்தளை நாக்கு வைத்து ஒரு ஊதல் செய்திருக்கிறேன். பிறந்து இரண்டு நாளான ஆட்டுக்குட்டி தாயைக் காணாமல் அழுமே, அந்த அழுகை. நேற்று முடிவெட்டும் கடையில் ஊதிக் காட்டினேன். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து வாசல்வரை போய்த் தேடினான். முப்பது வருஷம் ஆடு வளர்த்தவன் அவன்.

எய்னாரின் ஹார்னெட் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு வை. உன் அப்பாவுக்கும் எனக்கும் ஆகாதுதான், ஆனால் துப்பாக்கி வாங்கத் தெரிந்த மனிதர். 1934இல் வந்த வின்செஸ்டர். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை இழுத்தால் சத்தமே இல்லாமல் வரும். குண்டு சுண்டுவிரல் நகம் அளவு. கடித்தால் குளவி, பேருக்கு ஏற்ற மாதிரி.

குண்டுக்கு ஒரு நரி வீழ்த்தும்
உன் மாமா ஹார்லன்

—

கேசி, வயோமிங்
19 அக்டோபர் 1983

அன்புள்ள மாமா,

வாருங்கள். அப்பா போனபிறகு இந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் இரண்டாவது தட்டு வைத்தே நாளாயிற்று. நரிக்காக வரவேண்டாம், எனக்காக வாருங்கள். ஏனென்றால் அந்தப் பதினேழு குட்டிகளும் வசந்தத்தில் போனவை. சுல்தான் வந்தபிறகு ஒன்றுகூடப் போகவில்லை.

சுல்தானை நீங்கள் பார்த்ததில்லை. துருக்கி நாட்டுக் காவல் நாய். இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு நாய் வைத்திருப்பது நான் மட்டும்தான் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். வீட்டுப் பக்கமே வரமாட்டான். ஆடுகளோடு படுத்து ஆடுகளோடு எழுந்திருக்கிறான். பழுப்பு உடம்பு, கறுத்த முகம், காலை வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் கொழுத்த கயோட்டி என்றே தோன்றும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஓடைக்குக் கிழக்கே எவ்வளவு வேண்டுமானாலும் வேட்டையாடுங்கள். வடக்கு மேட்டுப் பக்கம் போகாதீர்கள். ஆடுகளும் அவனும் அங்கேதான்.

பக்கத்துப் பண்ணை கெஸ்லருக்கு அவனைப் பிடிக்கவில்லை. தீவனக் கடையில் நாலு பேர் முன்னால், "அந்த வெளிநாட்டு மிருகம் என் மாட்ட மிரட்டுச்சுன்னா சுட்டுப் போட்டுருவேன்" என்றாராம். அவரிடமும் ஒரு ஹார்னெட் இருக்கிறது. ஆனாலும் போன குளிர்காலம் பனியில் புதைந்த என் வண்டியை இழுத்துவிட்டவர் அவர்தான். வந்த இடத்தில் அவரோடு வம்புக்குப் போகாதீர்கள்.

உங்கள் மருமகள்
நோலா

—

லேண்டர்
14 நவம்பர் 1983

என் கண்ணு நோலா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சுல்தானை நினைத்தால் பேனா ஓடவில்லை. நீ அந்த வேலி ஓரத்தில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. நானூறு ஆடும் உன்னைச் சுற்றி நின்றன. எழுபது வருஷத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அவனைச் சுட்டது கெஸ்லர்தான். இதில் என்ன சந்தேகம்? அவன் கண்ணைப் பார்த்தாயா? நான் கொரியாவில் ஒற்றர்களைப் பார்த்திருக்கிறேன், அதே கண். "அடப்பாவமே, நல்ல நாயி" என்று தொப்பியைக் கழற்றினானே, அது நடிப்பு. நல்லவன் அப்படி உடனே தொப்பியைக் கழற்றமாட்டான். அவன் மாடுகள் தண்ணீருக்குப் போகும் உன் வேலிக் கதவை நீ பூட்டியது சரி. திறக்காதே.

அன்று காலை நான் கிழக்கு ஓடையில்தான் இருந்தேன், உனக்கே தெரியும். ஒரே ஒரு குண்டு போட்டேன். குறி தப்பிவிட்டது.

அப்புறம் ஒரு சந்தோஷச் செய்தி. எய்னாரின் ஹார்னெட்டை நான் எடுத்து வந்துவிட்டேன். நீ அழுதுகொண்டிருந்தாய், கேட்கத் தோன்றவில்லை. போர்வையில் சுற்றி வண்டிச் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். குழல் தேய்ந்துபோயிற்று, மருமகளே. உள்ளே வெளிச்சம் வைத்துப் பார்த்தேன், குண்டைச் சுழற்றிவிடும் வரிகளே இல்லை, சாக்கடைக் குழாய் மாதிரி இருக்கிறது. இங்கே ரிட்டர் என்று ஒரு துப்பாக்கிப் பட்டறைக்காரன். அவனிடம் கொடுத்துப் புதுக் குழல் போடச் சொல்லியிருக்கிறேன். குட்டி போடும் பருவத்துக்குள் உன் கையில் இருக்கும். மாமாவின் அன்பளிப்பு. மறுக்கக்கூடாது.

உன் துக்கத்தில் பாதியைச் சுமக்கும்
மாமா ஹார்லன்

—

கேசி
21 நவம்பர் 1983

அன்புள்ள மாமா,

உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் குழலை மாற்ற வேண்டாம். ரிட்டரிடம் உடனே சொல்லி நிறுத்துங்கள்.

கால்நடை மருத்துவர் சுல்தானின் உடம்பிலிருந்து குண்டை எடுத்துவிட்டார். முன்பாதி நசுங்கிவிட்டது, அடிப்பாதி முழுசாக இருக்கிறது. அதில் குழலின் வரிகள் பதிந்திருக்கின்றன, ஒவ்வொரு குழலுக்கும் ஒரு மாதிரிப் பதியுமாம். ஹார்னெட் குண்டுதான். ஷெரிஃப் கெஸ்லரின் துப்பாக்கியை வாங்கிச் சோதனைக்கு ஷெயென்னுக்கு அனுப்பியிருக்கிறார். கெஸ்லர் மறுக்காமல் கொடுத்தாராம். "இந்தப் பக்கம் இன்னொரு ஹார்னெட் இருந்தா அதையும் கொண்டாங்கம்மா, சும்மா அது இல்லன்னு கழிச்சுடத்தான்" என்றார் ஷெரிஃப். நம்முடையதை அப்படியே, இருக்கிறபடியே அனுப்பிவிடுங்கள்.

எனக்கு இன்னொன்றும் புரியவில்லை. அப்பா வருஷத்துக்கு இருபது குண்டுக்கு மேல் சுட்டவர் இல்லை. ஒவ்வொரு தடவையும் துடைத்து வைப்பவர். அந்தக் குழல் எப்படித் தேயும்?

நோலா

—

லேண்டர்
30 நவம்பர் 1983

என் கண்ணு நோலா,

உன் கடிதம் ஒன்பது நாள் கழித்து வந்தது. இந்த ஊர்த் தபால்காரி கடிதங்களை ஆவியில் காட்டிப் பிரித்துப் படிக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். இனி அவளுக்கும் சேர்த்து ஒரு வணக்கம் போட்டுவிடலாம்.

தாமதமாகிவிட்டது, மருமகளே. குழல் மாற்றியாயிற்று. நான் செப்டம்பரிலேயே ரிட்டரிடம் பேசி வைத்திருந்தேன், புதுக் குழலுக்கு இரும்பு அப்போதே வந்துவிட்டது. உன்னை ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லவில்லை.

நடந்ததைக் கேள். பழைய குழல் ஐம்பது வருஷமாக இறுகிக் கிடந்தது. ரிட்டர் அதைப் பட்டறை இடுக்கியில் இறுக்கி, எண்ணெய் விட்டு, பெரிய ஸ்பேனரை மாட்டித் தொங்கினான். அசையவில்லை. அவன் மச்சினனும் தொங்கினான். ம்ஹும். நான் காபியை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் ஒரு திருகு. சுவரில் மாட்டியிருந்த மான் தலை கீழே விழுந்தது. "ஏய்யா, நீ என்ன மனுசனா, கிரேனா?" என்றான் ரிட்டர். காபி சிந்தவில்லை.

புதுக் குழலை லேத்தில் கட்டி மரை போட்டான். தோட்டா உட்காரும் அறையை மயிரிழை மயிரிழையாகக் குடைந்தான். குடைந்து குடைந்து அளவுக் கட்டையைப் போட்டுப் பார்ப்பான். ஒரு கட்டைக்கு போல்ட் மூட வேண்டும், இன்னொரு கட்டைக்கு மூடக் கூடாது. கொஞ்சம் ஆழம் கூடினால் சுடும்போது தோட்டாவின் பின்புறம் வெடித்து முகத்துக்கு வரும். அதனால் நான் அவனை நம்பவில்லை. மூன்று நாள் முக்காலி போட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழையதைவிட இரண்டு விரற்கடை நீளம், கொஞ்சம் கனம், குழலின் வாயை அழகாக உள்வாங்கிக் கடைந்திருக்கிறான். இருநூறு கஜத்தில் நரியின் எந்தக் காது வேண்டும் என்று கேட்டுச் சுடலாம்.

பழைய குழலை ரிட்டர் இரும்புக் குப்பையில் போட்டுவிட்டான். ஷெரிஃப் கேட்டால் அப்படியே சொல். கெஸ்லரின் துப்பாக்கி இருக்கும்போது அவருக்கு வேறு எதற்கு?

கையில் கொஞ்சம்கூட நடுக்கமில்லாத
மாமா ஹார்லன்

—

கேசி
12 டிசம்பர் 1983

மாமா,

ஷெயென்னிலிருந்து பதில் வந்தது. கெஸ்லரின் குழலும் அதே கம்பெனி, அதே எண்ணிக்கை வரிகள். குண்டு அதிலிருந்து வந்தது என்றும் அடித்துச் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். ஊருக்கு அது போதும். தீவனக் கடையில் அவரோடு யாரும் பேசுவதில்லை. ஜனவரி கடைசியில் வழக்கு நீதிபதி முன் போகிறது.

நான் பூட்டிய கதவால் அவர் மாடுகள் மூன்று மைல் சுற்றித் தண்ணீருக்குப் போகின்றன. நேற்று அந்தக் கதவருகே அவர் நின்றிருந்தார். நான் வண்டியை நிறுத்தவில்லை. கண்ணாடி வழியாக ஒன்றுதான் சொன்னார்: "நான் வாய்ல சொல்லுவேன் நோலா. செய்யமாட்டேன். உங்கப்பாவுக்குத் தெரியும்."

எந்தப் பட்டறைக்காரரும் கழற்றிய குழலை எடுத்துக்கொள்ளமாட்டார். சொந்தக்காரர் கையில் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம், நாம் அதை வேண்டாம் என்று குப்பையில் போட்டாலும். பழைய குழல் எங்கே?

நோலா

—

லேண்டர்
20 டிசம்பர் 1983

அன்புள்ள நோலா,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. துப்பாக்கியை இன்று பஸ் பார்சலில் போட்டுவிட்டேன், போர்வை சுற்றி, அட்டைப்பெட்டியில். பார்த்துப் பிரி.

பழைய குழலைப் பற்றிக் கேட்டாய். ரிட்டர் குப்பையில் போட்டான் என்று எழுதினேனா? அவன் போடப் போனான், நான் எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஹெல்கா அம்மாள் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்கக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். பாவம், விதவை.

கெஸ்லர் சொன்னதை நம்பாதே. அவன் நல்லவன் மாதிரிப் பேசுவதைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் கூடுகிறது.

முழங்கால் வலி கொஞ்சம் அதிகம்.

மாமா ஹார்லன்

—

கேசி
9 ஜனவரி 1984

மாமா,

துப்பாக்கி வந்தது. பெட்டியில் பனி இறங்கி ஈரமாக இருந்தது. மரம் ஊறிவிடுமே என்று திருகாணிகளைக் கழற்றி, குழலை மரத்திலிருந்து தூக்கினேன்.

குழல் படுக்கும் பள்ளத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. செய்த வேலையை அங்கே எழுதி வைப்பது ரிட்டரின் பழக்கம் போலிருக்கிறது. மூன்று நாள் முக்காலி போட்டுப் பார்த்த உங்களுக்கு இது தெரியவில்லை. அப்படியே எழுதுகிறேன்:

"9 நவம்பர் 83 வந்தது. ஹார்னெட். பழைய குழலில் குறை இல்லை, உள்ளே பளிச்சென்று இருக்கிறது. மாற்ற வேண்டாம் என்றேன். கொண்டுவந்தவர் அவசரம் என்றார். பழைய குழல் அவர் கையிலேயே கொடுக்கப்பட்டது."

சுல்தான் செத்தது நவம்பர் ஐந்து. நீங்கள் இங்கிருந்து கிளம்பியது ஏழு. செப்டம்பர் இல்லை மாமா. டிசம்பர் மாதம் லேண்டரில் கடப்பாரை இறங்காத பனித்தரையில் தக்காளிக்கு முட்டு நடுகிற அம்மாளையும் நான் பார்த்ததில்லை.

நான் சொல்லப் போவதை நீங்கள் பொய் என்று எழுதினால் நம்பத் தயாராக இருக்கிறேன். ஐந்தாம் தேதி விடியற்காலை நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பச்சைக் குட்டி அழுகிற சத்தம் கேட்டது. நவம்பரில் ஏது பச்சைக் குட்டி என்று நினைத்து, தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். வெளியே வந்தபோது ஆடுகள் எல்லாம் எழுந்து நின்று வடக்கு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. சுல்தான் அவற்றோடு இல்லை.

உங்கள் பதினொன்று, உங்கள் ரிவர்ட்டன், உங்கள் கொரியா, எல்லாவற்றிலும் நீங்கள் குறி தப்பியதே இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு காலைதான் தப்பியதாகச் சொன்னீர்கள். அதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஜனவரி முப்பதில் கெஸ்லர் நீதிபதி முன் நிற்பார்.

நோலா

—

லேண்டர்
26 ஜனவரி 1984

நோலா,

உன் கடிதத்துக்கு நாலு பதில் எழுதிக் கிழித்தேன். நாலும் நன்றாக இருந்தன. அதனால்தான் கிழித்தேன்.

பழைய குழல் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஆற்றில் எறியலாம் என்று இரண்டு தடவை பாலம்வரை கொண்டுபோனேன். எய்னாரின் பொருள், எறியக் கை வரவில்லை. திங்கட்கிழமை பஸ் பிடித்து பஃபலோவுக்குப் போய் ஷெரிஃப் மேசையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். "ஏன்யா, இத நவம்பர்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்று கேட்டார். அபராதம் உண்டாம், வேட்டை உரிமம் போய்விடுமாம். கெஸ்லர் பெயரை வழக்கிலிருந்து என் கண் முன்னாலேயே அடித்தார். பஸ் உன் வாசலைத் தாண்டித்தான் போயிற்று. நான் இறங்கவில்லை.

அன்று கிழக்கு ஓடையில் காற்று சரியில்லை. மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு தடவை ஊதிவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஊதினேன். அது வந்தது. நோலா, கயோட்டி ஒருநாளும் நேராக வராது. காற்றை மோந்துகொண்டு சுற்றி வளைத்து, நின்று நின்று வரும். இதை முடிவெட்டும் கடையில் நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறவன் நான். இது நேராக ஓடி வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தின்பதற்கு வரவில்லை. குட்டியைத் தேடி வந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். அப்புறம் ஓடைக்கு இறங்கி, நீ கூப்பிடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கெஸ்லர் என்று நீ முதலில் சொன்னாய். நான் பிடித்துக்கொண்டேன்.

நான் கொரியாவில் சமையல்கூடத்தில் இருந்தேன். ரிவர்ட்டனில் இரண்டு நரி. அதில் ஒன்று ஏற்கெனவே நொண்டி.

ஊதலை இத்துடன் அனுப்புகிறேன். என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

ஹார்லன்

—

கேசி
2 மார்ச் 1984

மாமா,

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். அதற்கு முன்னால் எழுதியிருந்தால் அது நீங்கள் பத்திரப்படுத்தி வைக்கிற மாதிரிக் கடிதமாக இருந்திருக்காது.

வேலிக் கதவுப் பூட்டை எடுத்துவிட்டேன். கெஸ்லர் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். அவர் மாட்டுத் தொழுவத்தில் வைக்கோல் வாரிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சரி, மாடு தண்ணி குடிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். சுற்றிப் போன வழியில் அவருடைய சினைமாடு ஒன்று பனிக்கட்டியில் சறுக்கிக் கால் ஒடிந்து, அவரே சுட வேண்டியதாகிவிட்டது. அதை ஊரில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மாடு உங்கள் கணக்கில் பாதி, என் கணக்கில் பாதி.

சுல்தானின் இனத்திலேயே ஒரு குட்டி நாய் வாங்கியிருக்கிறேன். மூன்று மாதம். இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆடுகளோடு பட்டியில் தூங்குகிறது. போன வாரம் உங்கள் ஊதலைப் பட்டிக்கு வெளியே நின்று ஒரு தடவை ஊதினேன். உண்மையாகவே நன்றாகச் செய்திருக்கிறீர்கள். நாய்க்குட்டி எழுந்து, ஆடுகளின் கால்களுக்கு இடையில் விழுந்து எழுந்து, நேராக என்னிடம் ஓடி வந்தது. என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. என்னைச் சுற்றிலும் பனியை மோந்து மோந்து தேடியது. தூக்கிக்கொண்டு போய்ப் பட்டியில் விட்டேன், மறுபடியும் வந்து தேடியது. ஊதலை அடுப்பில் போட்டுவிட்டேன்.

புதுக் குழல் நன்றாகச் சுடுகிறது. ரிட்டர் தொழில் தெரிந்தவர். பழைய குழலை ஷெரிஃப் திருப்பித் தந்துவிட்டார். அப்பாவின் துணிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் பத்தில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கும். எனக்குக் கை போதாது. வருவதானால் வாருங்கள். ஆனால் பஸ்ஸை என் வாசலில் நிறுத்தாதீர்கள். கெஸ்லரின் பாதை முனையில் இறங்கி, அவர் வீட்டுக்குப் போய், ஷெரிஃபிடம் சொன்னதை அவரிடமும் சொல்லுங்கள். கொரியா இல்லாமல். நான் கூட வரமாட்டேன்.

அங்கிருந்து என் வீடு ஒன்றரை மைல். முழங்காலைப் பார்த்து மெதுவாக நடந்து வாருங்கள்.

மருமகள்
நோலா